மின்சார ஏர்சாஃப்ட் ரைஃபிள்: வாங்குவது முதல் கியர்பாக்ஸை மேம்படுத்துவது வரை, வரிசை தவறாத முழு வழிகாட்டி

ஏர்சாஃப்ட் என்பது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டைச் சுடும் போலித் துப்பாக்கிகளோடு ஆடும் ஆட்டம். இங்கிலாந்தின் ஏர்சாஃப்ட் மைதானங்களில் ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு துப்பாக்கியிலிருந்தும் வெளியேறும் குண்டின் வேகம் குரோனோ கருவியில் அளக்கப்படும். அந்த மேசையருகே அரை மணி நேரம் நின்றால் போதும், ஒரே தவறு திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்க்கலாம். புதிதாக ரைஃபிள் வாங்கியவர், மேம்படுத்துவது என்றால் வேகத்தைக் கூட்டுவதுதான் என்று எண்ணி, முதல் வேலையாகக் கடினமான ஸ்பிரிங் ஒன்றை மாட்டிக்கொண்டு வருவார். எண் வரம்பைத் தாண்டும். அன்றைய ஆட்டம் முழுவதும் அந்த ரைஃபிள் பைக்குள்ளேயே கிடக்கும். என் முதல் ரைஃபிளில் நானும் இதைத்தான் செய்தேன். அதற்கு விலையாக ஒரு பிஸ்டனின் பற்கள் முழுவதும் உதிர்ந்தன.

இந்த ரைஃபிளில் மோட்டார் பல்சக்கரங்களைச் சுழற்றி, ஸ்பிரிங்கை அழுத்தியபடி பிஸ்டனைப் பின்னே இழுக்கும்; விடுபட்ட பிஸ்டன் முன்னே பாய்ந்து காற்றால் குண்டைத் தள்ளும். இவை அடங்கிய பெட்டிதான் கியர்பாக்ஸ். அதில் ஸ்பிரிங் என்பது கடைசியில் தொட வேண்டிய உறுப்பு. உள்குழல், குண்டு, ஹாப்-அப் (குண்டைச் சுழலவைக்கும் அமைப்பு), மின்சுற்று, காற்றடைப்பு, பல்சக்கரம் ஆகியவற்றை இதே வரிசையில் முடித்த பிறகே ஸ்பிரிங்குக்கு வர வேண்டும். இந்த வரிசை ஏன் மாறக் கூடாது என்பதை அந்தந்தப் படியில் சொல்கிறேன்.

1. வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய சட்டம்

இங்கே சொல்லப்படுபவை இங்கிலாந்துக்கு உரியவை. வேறு நாட்டில் வசிப்பவர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்த பிறகே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும். உதாரணமாக, சிங்கப்பூரில் உரிமமின்றி ஏர்சாஃப்ட் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம்.

18 வயது நிரம்பாதவருக்குத் துப்பாக்கி போலத் தோன்றும் எந்தப் போலியையும் விற்கக் கூடாது; அவர் தாமாக வாங்குவதும் குற்றமே. அசல் துப்பாக்கியைப் போலவே கறுப்பாக இருக்கும் ரைஃபிளை விற்பதை 2006-ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம் தடை செய்கிறது. ஆனால், பொதுப் பொறுப்புக் காப்பீடு உள்ள மைதானங்களில் ஏர்சாஃப்ட் ஆடுபவர்களுக்கு விற்பதற்கு விலக்கு உண்டு. அந்த விலக்குக்கு நீங்கள் உரியவர் என்பதைக் கடைக்காரர் சரிபார்க்கப் பரவலாகப் பயன்படுத்தும் வழி, ஏர்சாஃப்ட் விற்பனையாளர் சங்கமான யூகாராவின் பதிவு. ஒரே மைதானத்தில், 56 நாளுக்குக் குறையாத காலத்தில், மூன்று ஆட்டங்கள் ஆடியிருந்தால் அந்த மைதானத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். முதல் ஆட்டத்துக்கும் மூன்றாவது ஆட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மாதம் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்குப் பாதிக்கு மேல் பளிச்சென்ற நிறம் பூசிய இரு வண்ண ரைஃபிள்கள் கிடைக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கறுப்பு வண்ணம் அடிப்பது சிலருடைய வழக்கம். விலக்குக்கான தகுதி இல்லாதவர் அப்படிச் செய்தால், அசல்போலத் தோன்றும் போலியை உருவாக்கிய குற்றம் அவர்மேல் விழும். இரண்டு மாதம் வாடகைத் துப்பாக்கியில் ஆடுவதே என் பரிந்துரை. எந்த நீளம் உங்கள் கைக்கு ஒத்துவருகிறது, எந்த எடையை நாள் முழுவதும் சுமக்க முடிகிறது என்பதெல்லாம் அந்த மூன்று ஆட்டங்களில் தெரிந்துவிடும்.

அடுத்தது ஆற்றல் வரம்பு. விசையை ஒருமுறை அழுத்தித் தொடர்ந்து சுடக்கூடிய ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு உச்ச வரம்பு 1.3 ஜூல், ஒரு அழுத்தத்துக்கு ஒரு குண்டு மட்டுமே சுடுபவற்றுக்கு 2.5 ஜூல். 2017-இல் வந்த திருத்தம் இந்த எண்களைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. மின்சார ரைஃபிள்களில் பெரும்பாலானவை தொடர்ந்து சுடக்கூடியவை என்பதால் உங்களுக்குப் பொருந்துவது 1.3 என்ற எண்தான். அதைத் தாண்டிவிட்டால் அது சட்டத்தின் பார்வையில் ஏர்சாஃப்ட் துப்பாக்கியாக இருப்பதில்லை. தடை செய்யப்பட்ட தானியங்கி ஆயுதமாகக் கருதப்படும் நிலைக்குப் போய்விடலாம். மைதானங்கள் இதற்கும் கீழே, பெரும்பாலும் 0.20 கிராம் குண்டுக்கு விநாடிக்கு 350 அடி என்று வரம்பு வைக்கின்றன. அது சுமார் 1.14 ஜூல்.

கடைசியாக, துப்பாக்கியைப் பொது இடத்தில் வெளியே தெரியும்படி எடுத்துச் செல்லாதீர்கள். தக்க காரணமின்றிப் போலித் துப்பாக்கியைப் பொது இடத்தில் வைத்திருப்பது 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின்படி குற்றம். பேட்டரியைக் கழற்றி, குண்டுகள் நிரப்பிய மகசினை எடுத்து, மூடிய பைக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். வீட்டுப் பின்புறத்தில் சுட்டுப் பார்ப்பதாக இருந்தால் பக்கத்து வீட்டுச் சன்னலிலிருந்து பார்ப்பவருக்கு அது எப்படித் தோன்றும் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

2. ரைஃபிளுக்கு முன் வாங்க வேண்டியவை

கண் பாதுகாப்புதான் முதலில். 6 மில்லிமீட்டர் குண்டு கண்ணில் பட்டால் பார்வை போகலாம். இதில் பேரம் கிடையாது. இ.என். 166 தரத்தில் ‘எஃப்’ குறி உள்ள கண்ணாடி 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதுவதைத் தாங்கும்; ‘பி’ குறி உள்ளது 120 மீட்டர் வேகத்தைத் தாங்கும். முகத்தோடு ஒட்டி மூடும் ‘பி’ தரக் கண்ணாடியை வாங்குங்கள். கம்பிவலைக் கண்ணாடி பனி படியாது என்பது உண்மைதான். ஆனால் மோதி உடையும் குண்டின் துணுக்குகள் வலைக்கண் வழியே உள்ளே வரக்கூடும் என்பதால் நான் அதை அணிவதில்லை. பல்லைக் காக்கக் கீழ்முகக் கவசமும் தேவை.

அடுத்து, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே சமப்படுத்தும் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) சார்ஜர், லைப்போ மின்னழுத்தம் காட்டும் சிறு கருவி, தீப்பற்றாத சார்ஜ் பை, உள்குழலைத் துடைக்கும் கம்பி, நல்ல குண்டு ஒரு பை. இவற்றுக்கான பணத்தை ஒதுக்கிய பின் மிஞ்சுவதே ரைஃபிளுக்கான பணம். இதைத் தலைகீழாகச் செய்பவர்கள் விலையுயர்ந்த ரைஃபிளோடு மலிவான சார்ஜரை வாங்கி, மூன்றாவது மாதத்தில் பேட்டரி உப்பிப்போய் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

3. எந்த ரைஃபிளை வாங்குவது

புதியவருக்கு என் பதில் எப்போதும் ஒன்றே: டோக்கியோ மருய் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் அளவுகளை ஒத்த இரண்டாம் பதிப்பு அல்லது மூன்றாம் பதிப்பு கியர்பாக்ஸ் உள்ள ரைஃபிள். எம்4 வகை பெரும்பாலும் இரண்டாம் பதிப்பு. ஏகே வகை மூன்றாம் பதிப்பு. உதிரிப் பாகங்கள் எங்கும் கிடைக்கும் என்பதே காரணம். அபூர்வமான வடிவத்தில் மயங்கி வாங்கினால், உடைந்த ஒரு நாசிலுக்காக (குண்டைக் குழலுக்குள் தள்ளும் சிறு குழாய்) ஆறு வாரம் காத்திருக்க நேரும்.

இரண்டாம் பதிப்பில் முன்பக்க ஓடு பலவீனமானது. பிஸ்டன் ஒவ்வொரு முறையும் மோதும் இடம் அது, நாளடைவில் விரிசல் விடும். மூன்றாம் பதிப்பில் அந்தச் சிக்கல் குறைவு. இருந்தாலும் கைக்கு எம்4 பிடித்திருந்தால் எம்4 வாங்குங்கள். அந்த விரிசலைத் தள்ளிப்போட வழி உண்டு, பின்னால் சொல்கிறேன். கியர்பாக்ஸைப் பிரிக்காமல் ஸ்பிரிங்கை மாற்றும் வசதி உள்ளதா என்பதை மட்டும் கட்டாயம் கேளுங்கள். அது இருந்தால் பிற்காலத்தில் பாதி வேலை மிச்சம்.

4. பேட்டரி

7.4 வோல்ட் லைப்போவே போதும். அதில் இரண்டு செல்கள். முழுமையாக ஏற்றினால் 8.4 வோல்ட். 11.1 வோல்ட் பேட்டரி போட்டால் விசை துடிப்பாக இருக்கிறது என்று சக ஆட்டக்காரர் சொல்வார். அவர் சொல்வது உண்மை. ஆனால் இங்கிலாந்தின் வரம்புக்கு ஏற்ற மென்மையான ஸ்பிரிங், பிஸ்டனை முன்னே தள்ளும் வேகம் குறைவு. மோட்டார் அதைவிட வேகமாகச் சுழன்றால், பிஸ்டன் முழுவதும் முன்னே வந்துசேரும் முன்பே பல்சக்கரம் அதன் நடுப்பல்லைக் கவ்விவிடும். பிஸ்டன் பற்கள் வழித்தெடுத்ததுபோல் உதிர்வது இப்படித்தான்.

ஏற்றும் மின்னோட்டத்தைப் பேட்டரியின் கொள்ளளவுக்குச் சமமாக வைக்க வேண்டும். 1300 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 1.3 ஆம்பியர். அதற்கு மேல் வைத்தால் செல் சூடேறி ஆயுள் குறையும். நிக்கல் பேட்டரிக்கான சார்ஜரில் லைப்போவை ஏற்றவே கூடாது. எப்போது நிறுத்த வேண்டும் என்று அந்தச் சார்ஜருக்குத் தெரியாது, தீப்பிடிக்கும். ஏற்றும்போது அருகிலேயே இருங்கள். படுக்கையறையிலும், இரவில் உறங்கும் நேரத்திலும் வேண்டாம்.

செல் ஒன்று 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் மீளாது. சுடும் வேகம் மந்தமாவது காதில் பட்டதுமே பேட்டரியை மாற்றிவிடுங்கள். ஆட்டம் முடிந்து வாரக்கணக்கில் வைக்கப் போகிறீர்கள் என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட், அதாவது இரண்டு செல் பேட்டரிக்கு 7.6 வோல்ட் அளவில் வையுங்கள். உப்பிய பேட்டரியை இன்னும் ஒரே ஒரு ஆட்டம் என்று இழுக்காமல், மறுசுழற்சி மையத்தில் கொடுத்துவிடுங்கள்.

5. எதையும் கழற்றும் முன்: தொடக்க அளவு

புதிய ரைஃபிளின் உள்குழலில் தொழிற்சாலை எண்ணெய் ஒட்டியிருக்கும். ஹாப்-அப்பை முழுவதும் தளர்த்திவிட்டு, துடைப்புக் கம்பியில் உலர்ந்த துணியைச் சுற்றி உள்ளே செலுத்தி, திருகியபடியே வெளியே இழுங்கள். துணி சாம்பல் நிறமாக வரும். வெள்ளையாக வரும்வரை துணியை மாற்றிக்கொண்டே துடைக்க வேண்டும். ஹாப்-அப்பைத் தளர்த்தாமல் கம்பியைச் செலுத்தினால் ரப்பரின் மேடு கிழியும்.

பிறகு குண்டு. 0.20 கிராம் குண்டு குரோனோவில் அளப்பதற்கு மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள்; காற்று அதை இழுத்த பக்கம் போகும். வெளிமைதானத்துக்கு 0.28 கிராம் நல்ல தேர்வு. ஆற்றல் மாறாமல் இருக்க, 0.20 கிராமில் 350 அடியாக இருந்த வேகம் 0.28-இல் 296 அடியாகக் குறையும்; அதைப் பார்த்துப் பதற வேண்டாம். கனமான குண்டு தன் வேகத்தை மெதுவாகவே இழப்பதால் தூரத்தில் நேராகச் செல்லும். மட்கும் வகைக் குண்டுகளையே பல வெளிமைதானங்கள் அனுமதிக்கின்றன. அவை ஈரத்தை இழுக்கும், திறந்த பையை இறுக மூடி வையுங்கள். தரையில் சிந்திய குண்டைப் பொறுக்கி மறுபடி போடாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் உள்குழல் நெடுகக் கீறிச் செல்லும்.

இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பத்துச் சுடுகளின் வேகத்தை வரிசையாக எழுதுங்கள். சராசரியைவிட முக்கியமானது, மிக உயர்ந்த எண்ணுக்கும் மிகத் தாழ்ந்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி. அது பத்து அடிக்குள் இருந்தால் ரைஃபிள் நல்ல நிலையில் இருக்கிறது. இருபதைத் தாண்டினால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது ஹாப் ரப்பர் குண்டை ஒரே மாதிரிப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே பத்துச் சுடுகளை எழுதப் போகிறீர்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு வேகம் குறைந்தால், குற்றவாளி எது என்று கண்டுபிடிக்க மூன்றையும் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும்.

6. முதல் மேம்பாடு: ஹாப் ரப்பர்

மேம்படுத்தும் பணத்தில் மிகக் குறைவாகச் செலவழித்து மிக அதிகமாகப் பலன் காணும் இடம் இதுதான். கியர்பாக்ஸைத் திறக்கவும் வேண்டியதில்லை. உள்குழலின் பின்முனையில் பொருந்தியிருக்கும் அந்தச் சிறு ரப்பர், வெளியேறும் குண்டின் மேற்பகுதியை உரசி அதைப் பின்னோக்கிச் சுழலவைக்கிறது. அந்தச் சுழற்சி குண்டுக்கு மேலே காற்றழுத்தத்தைக் குறைத்து அதைத் தூக்கிப்பிடிக்கிறது. சுழற்சி ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவில் இருந்தால் குண்டுகள் படும் இடங்கள் நெருக்கமாக அமையும்.

எம்4-இல் முன்பக்கப் பின்னைத் தள்ளி மேலுடலைக் கழற்றினால், ஹாப்-அப் அறையும் உள்குழலும் ஒன்றாக வெளியே வரும். பழைய ரப்பரை எடுத்துவிட்டு, புதியதை மிதமான சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். வார்ப்பு எண்ணெய் அதில் படிந்திருக்கும், அது இருக்கும்வரை குண்டு வழுக்கும். நம் ஆற்றல் வரம்புக்கு 50 அல்லது 60 பாகைக் கடினம் பொருத்தம். 70 பாகை ரப்பர் குளிர்காலத்தில் கல்லாகிவிடும்.

ரப்பரின் உட்புற மேடு குழலில் வெட்டியிருக்கும் சன்னலுக்கு நேர் நடுவே அமைய வேண்டும். குழல் வழியாக ஒரு விளக்கைக் காட்டி எதிர்ப்பக்கம் பாருங்கள்: மேடு மேலே, இருபுறமும் சமமாக, காலைச் சூரியன் எட்டிப்பார்ப்பதுபோலத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு குண்டும் அந்தப் பக்கமே வளையும். புதியவர்கள் பாதிப்பேர் இதைச் சரிபார்க்காமலே மூடிவிட்டு, ரப்பர் சரியில்லை என்று இன்னொன்று வாங்குகிறார்கள்.

ஹாப்-அப்பைச் சரிசெய்யும்போது ஆட்டத்தில் போடும் அதே எடைக் குண்டையே போட்டு, சுமார் 50 மீட்டர் இலக்கை நோக்கிச் சுட்டபடி சிறிது சிறிதாக இறுக்குங்கள். குண்டு நேராகப் போய்க் கடைசியில் லேசாகத் தலைதூக்கி விழுந்தால் அது போதும்.

துல்லியத்துக்காக 6.03 மில்லிமீட்டர் குறுகல் உள்குழலை வாங்கலாமா என்று கேட்பார்கள். சுத்தமான தொழிற்சாலைக் குழலும் நல்ல ரப்பரும் அழுக்கான குறுகல் குழலைத் தோற்கடிப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தப் பணத்தை நல்ல குண்டில் போடுங்கள்.

7. இரண்டாவது மேம்பாடு: மின்சுற்று

தொழிற்சாலை ரைஃபிள்களில் மின்னோட்டம் முழுவதும் விசையின் செப்புத் தொடுமுனை வழியாகவே செல்லும். ஒவ்வொரு அழுத்தத்திலும் அங்கே ஒரு தீப்பொறி பறக்கும். நாளடைவில் முனை கருகி, விசை சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. மாஸ்ஃபெட் என்ற மின்னணு ஸ்விட்சைப் பொருத்தினால் பெரிய மின்னோட்டத்தை அது எடுத்துக்கொள்ளும். தொடுமுனையில் மிகச்சிறு அடையாள மின்னோட்டம் மட்டுமே ஓடும்.

சிறிய தமியா இணைப்பியை எடுத்துவிட்டு டீன்ஸ் இணைப்பியைப் பற்றவைப்பதும் இந்தப் படியில்தான். பேட்டரிப் பக்க இணைப்பியை மாற்றும்போது இரண்டு கம்பிகளையும் ஒன்றாக வெட்டக் கூடாது. கத்தரிக்கோலின் உலோகமே குறுக்குச்சுற்றாகிவிடும். சிவப்பை வெட்டி, பற்றவைத்து, மூடிய பிறகே கறுப்பைத் தொடுங்கள். எந்த மாஸ்ஃபெட்டாக இருந்தாலும் இடையில் ஒரு ஃப்யூஸ் இருக்கட்டும்.

8. கியர்பாக்ஸைத் திறத்தல்

இதுவரை சொன்னவற்றோடு நிறுத்திக்கொண்டாலும் நல்ல ரைஃபிள் ஒன்று உங்களிடம் இருக்கும். இனி வருவது பொறுமை வேண்டிய வேலை. ஒரு முழுப் பிற்பகலை ஒதுக்குங்கள். மறுநாள் ஆட்டம் இருக்கும் இரவில் தொடங்காதீர்கள்.

வெள்ளைத் துணி விரித்த மேசை, ஓரம் உயர்ந்த தட்டு, பொருத்தமான ஸ்குரூடிரைவர்கள், அலன் கீ, கைப்பேசி ஆகியவை வேண்டும். பேட்டரியைக் கழற்றி, மகசினை எடுத்து, குழலில் தங்கிய குண்டு இல்லை என்று உறுதி செய்தபின் ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும் முன்பும் ஒரு படம் எடுங்கள். கைப்பிடியின் அடித்தட்டைத் திறந்து மோட்டாரை எடுக்கும்போது எந்த முனையில் சிவப்புக் கம்பி இருந்தது என்பதைக் குறித்துவையுங்கள். மாற்றி இணைத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுழல முயலும். பின்சுழற்சித் தடுப்பு நெம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். மின்னோட்டம் போக வழியின்றிக் கம்பி எரியும்.

மோட்டாரை எடுத்ததும் அந்தத் தடுப்பு நெம்பை மெல்லிய ஸ்குரூடிரைவரால் விலக்கி, பாதியில் நின்ற பிஸ்டன் முன்னே வருமாறு ஸ்பிரிங்கின் இழுவிசையை விடுவிக்க வேண்டும். விரைவாக ஸ்பிரிங் மாற்றும் வசதி இருந்தால் இப்போதே ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் கியர்பாக்ஸின் பின்துளை வழியாக ஒரு நீண்ட ஸ்குரூடிரைவரை ஸ்பிரிங் வழிகாட்டிக்குள் செருகிப் பிடித்தபடியே மேலோட்டைத் தூக்க வேண்டும். முதல்முறை நான் இதைச் செய்யவில்லை. வழிகாட்டி மேசையைத் தாண்டிப் பறந்தது. தடுப்பு நெம்பின் நகக்கண் அளவுச் சிறு ஸ்பிரிங்கும் அதோடு போனது. அதைத் தேடி எடுக்கவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. திறக்கும்போது கண்ணாடி அணியுங்கள்.

9. காற்றடைப்பு

பிஸ்டன், பிஸ்டன் தலை, சிலிண்டர், சிலிண்டர் தலை, நாசில் ஆகிய ஐந்தையும் தனியே எடுத்துக் கையில் ஒன்றுசேர்த்துப் பொருத்துங்கள். நாசிலின் வாயைக் கட்டைவிரலால் இறுக மூடி, பிஸ்டனை மறுகையால் தள்ளுங்கள். ஊதிய பலூனை அழுத்துவதுபோல் அது எதிர்த்து நிற்க வேண்டும். மெல்ல மெல்ல உள்ளே போனால் கசிவு உண்டு. பக்கத்துளை உள்ள சிலிண்டரானால், பிஸ்டன் தலை துளையைத் தாண்டிய பிறகுதான் எதிர்ப்பு தெரியும். அதைக் கசிவு என்று எண்ண வேண்டாம்.

கசிவைப் பகுதி பகுதியாகத் தேடுங்கள். நாசிலை எடுத்துவிட்டுச் சிலிண்டர் தலையின் குழாயை மட்டும் மூடித் தள்ளிப் பாருங்கள். இப்போது எதிர்ப்பு வந்தால் குற்றம் நாசிலில். உள்ளே ஓ-ரிங் (ரப்பர் வளையம்) உள்ள நாசிலாக மாற்றினால் தீரும். எம்4 நாசிலின் நீளம் சுமார் 21.4 மில்லிமீட்டர், ஏகே வகைக்கு அதைவிடக் குறைவு, அளந்து வாங்குங்கள். எதிர்ப்பு வரவில்லை என்றால் சிலிண்டர் தலையைச் சுற்றி டெஃப்லான் நாடாவை ஒரு சுற்றுச் சுற்றுங்கள், அல்லது பிஸ்டன் தலையின் ஓ-ரிங்கை விரலால் சற்று இழுத்து விரித்துப் பொருத்துங்கள். ஓ-ரிங்கில் சிலிக்கான் கிரீஸை மெல்லிய பூச்சாக மட்டும் தடவ வேண்டும். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

ஸ்பிரிங்கைக் கடைசியில் வைக்கச் சொன்ன காரணம் இங்கேதான் வெளிப்படுகிறது. என் ரைஃபிள் ஒன்றில் இந்த வேலையை மட்டும் செய்து, அதே பழைய ஸ்பிரிங்கோடு மூடினேன். 310 அடியாக இருந்த வேகம் 338-க்கு ஏறியது, இருபத்திரண்டாக இருந்த இடைவெளி ஏழுக்கு இறங்கியது. கசிவோடு இருந்தபோதே கடினமான ஸ்பிரிங்கைப் போட்டிருந்தால், கசிவை அடைத்த நாளில் அது சட்ட வரம்பைத் தாண்டியிருக்கும்.

சிலிண்டர் தலையின் உட்புறத்தில் இருக்கும் கடினமான அதிர்வுத் திண்டை எடுத்துவிட்டுச் அதிர்வை உறிஞ்சும் சார்போதேன் திண்டை ஒட்டுவதும் இதே நேரத்தில் செய்ய வேண்டியது. இரண்டாம் பதிப்பு ஓட்டின் விரிசலைத் தள்ளிப்போடும் வழி என்று முன்பு சொன்னது இதுதான். மோதல் மென்மையாகும், தவிர, பிஸ்டன் சற்றுப் பின்னே நிற்பதால் பல்சக்கரத்தின் முதல் பல் பிஸ்டனின் முதல் பல்லை நுனியில் தட்டாமல் முழு முகத்தோடு தள்ளும்.

10. பல்சக்கரங்களும் ஷிம்களும்

மூன்று பல்சக்கரங்களையும் வெளியே எடுத்துப் பழைய கிரீஸை முழுவதும் துடையுங்கள். புதிய கிரீஸைப் போடுவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உலர்ந்த சக்கரத்தில்தான் உரசல் காதில் கேட்கும்.

நான் கடைப்பிடிக்கும் வரிசை: மோட்டாரோடு கைப்பிடியைக் காலி ஓட்டில் பொருத்தி, மோட்டார் முனையில் உள்ள சிறு பல்சக்கரமான பினியனோடு சேரும் பெவல் சக்கரத்தை முதலில் அமைப்பேன். மற்ற இரண்டு சக்கரங்களின் உயரமும் அதைச் சார்ந்தவை என்பதால் அங்கிருந்து தொடங்குவதே முறை. பல்லும் பல்லும் ஆழமாகச் சேர வேண்டும், ஆனால் இறுகக் கூடாது. 0.1, 0.2, 0.3 மில்லிமீட்டர் ஷிம்களை (அச்சில் கோக்கும் மெல்லிய வளையத் தகடுகளை) மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு முறையும் ஓட்டை மூடித் திருகுகளை இறுக்கிய பின்பே சோதிக்க வேண்டும். கையால் அழுத்திப் பிடித்துப் பார்க்கும் அளவு பொய் சொல்லும். பிறகு நடுச்சக்கரம், அதன் பின் பிஸ்டனை இழுக்கும் சக்கரம். சக்கரத்தை அச்சின் வழியே மேலும் கீழும் அசைத்தால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அசைவு இருக்க வேண்டும். விரலால் சுண்டினால் இரண்டு மூன்று சுற்றுத் தானாகச் சுழன்று ஓசையின்றி நிற்க வேண்டும்.

எல்லாம் சரியான பின் பற்களில் மட்டும் கிரீஸை அளவாகத் தடவுங்கள். அதிகம் போட்டால் அது சுழற்சியில் தெறித்து விசையின் தொடுமுனையில் போய் ஒட்டும்.

11. இப்போது ஸ்பிரிங்

எம்90, எம்100, எம்110 என்ற குறிகளில் உள்ள எண், 0.20 கிராம் குண்டு எத்தனை மீட்டர் வேகத்தில் போகும் என்பதன் தோராயம். 350 அடி என்பது விநாடிக்கு ஏறத்தாழ 107 மீட்டர். காற்றடைப்பு முறையாக இருந்தால் எம்100 பெரும்பாலான மைதானங்களுக்குப் போதும். எம்110 வரம்பின் விளிம்புக்கோ அதற்கு மேலோ கொண்டுபோய்விடும். 350 என்று வரம்பு இருந்தால் 335 முதல் 340-க்குள் நிற்பதே நல்லது. அளக்கும் கருவிக்குக் கருவி சில அடிகள் மாறும். ஆட்டத்தில் போடும் கனமான குண்டைக் கொண்டும் ஒருமுறை அளந்து ஜூல் கணக்கைப் பாருங்கள். நீண்ட உள்குழலும் முழுச் சிலிண்டரும் உள்ள ரைஃபிளில் கனமான குண்டு கூடுதல் ஆற்றலோடு வெளியேறக்கூடும்.

12. மூடுதலும் முதல் சோதனையும்

மூடும்போது தடுப்பு நெம்பும் விசையின் ஸ்பிரிங்கும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்தபடியே மேலோட்டை அமர்த்துங்கள். ஓடு தானாகப் படிய வேண்டும். படியவில்லை என்றால் ஏதோ ஒன்று இடறுகிறது. திருகை இறுக்கி வழிக்குக் கொண்டுவர முயன்றால் அந்தப் பாகம் உடையும். மூடியதும், ரைஃபிளுக்குள் வைக்கும் முன்பே, மோட்டாரை இணைத்துச் செமியில் (ஒரு அழுத்தத்துக்கு ஒரு சுடு) நான்கைந்து முறை இயக்கிப் பாருங்கள்.

மோட்டாரின் உயரத்தைக் கைப்பிடி அடியில் உள்ள சிறு திருகு தீர்மானிக்கிறது. கரகரவென்று அரைக்கும் ஓசை வந்தால் மோட்டார் தாழ்ந்திருக்கிறது, திருகை இறுக்குங்கள். கீச்சென்ற உயர்ந்த ஓசை வந்து கைப்பிடி சூடேறினால் மிக நெருங்கிவிட்டது, தளர்த்துங்கள். கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, ஓசை மிகத் தணிந்து ஒலிக்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். ஆட்டோவில் (தொடர்ந்து சுடும் நிலையில்) நீண்ட நேரம் ஓடவிட்டுச் சோதிப்பதைத் தவிர்க்க வேண்டும். தவறு இருந்தால் அந்த இரண்டு விநாடியில் பிஸ்டன் போய்விடும்.

செமியில் விசை பூட்டிக்கொண்டு எதுவும் நடக்காமல் நின்றால் பயப்பட வேண்டாம். பேட்டரி தளர்ந்து பிஸ்டன் நடுவழியில் நின்றிருக்கும். ஆட்டோவுக்கு மாற்றி ஒருமுறை அழுத்தினால் விடுபடும், அதன்பின் பேட்டரியை மாற்றுங்கள். மோட்டார் ஓடியும் குண்டு வெளியே வரவில்லை என்றால் முதலில் மகசினையும் ஹாப்-அப்பையும் பாருங்கள், பிறகே கியர்பாக்ஸைச் சந்தேகியுங்கள்.

பத்துச் சுடுகளை அளந்து நோட்டில் பழைய வரிசைக்குக் கீழே எழுதுங்கள். ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் மகசினை எடுத்துவிட்டுப் பாதுகாப்பான திசையில் செமியில் இரண்டு மூன்று முறை வெறுமையாகச் சுட்டு, பிஸ்டனை முன்னே கொண்டுவந்து, ஹாப்-அப்பைத் தளர்த்தி, பேட்டரியைக் கழற்றி, குழல் வாயில் உறையைப் போட்டுப் பையில் வையுங்கள்.